கருநீலக் காருக்கு ஒரு பாலிஷ் மிஷின்

எங்கள் வீட்டுக் காரை ஓடிப்போவதற்காகத்தான் வாங்கினோம். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பருக்கு அடுத்த மாதம், வளைகுடாவில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு அலறியடித்து வந்தார். மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டி இருந்த எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அளத்தில் நின்றிருந்த என் மாமனாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் டிவியில் பார்த்தது என் வீட்டுக்காரர் கண்ணை விட்டுப் போகவில்லை. பாண்டியில் யாரோ விற்ற ஒரு கருநீலக் காரை வாங்கி வந்து, வாசல் கொட்டகையில் மேற்குப் பார்த்து நிறுத்தினார். சாவியை என் கையில் கொடுத்து, "கடல் ஏறினா திரும்பிப் பாக்காம திண்டிவனம் ரோட்டப் புடி. அவரையும் ஏத்திக்கினு போ" என்றார்.

'அவர்' என்றது இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்த அவருடைய அப்பாவை. இருவரும் நேருக்கு நேர் பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அளத்து வேலைக்கு வரமாட்டேன் என்று மகன் பாஸ்போர்ட் எடுத்தபோது, "என் சாவுக்குக்கூட வராத" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார் மாமனார். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை, மகனுக்கும் அதை மறக்கத் தெரியவில்லை. மாமியார் இருந்திருந்தால் இருவர் தலையிலும் ஒரு குட்டு வைத்திருப்பார். அவர் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். ஆக, தபால்காரி வேலை எனக்கு.

லீவு முடிந்து அவர் போனபின் வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். முதல் கேள்வி, "வண்டி எப்பிடி இருக்குது?" என்பதுதான். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை. போனை வைத்ததும் மாமனார் அளத்து மண் காயாத காலோடு வந்து நிற்பார்.

"வண்டியக் கேட்டானா?"

"கேட்டாருங்க மாமா."

"நான்தான் தெனமும் தொடைக்கிறேன்னு சொன்னியா?"

"சொன்னேங்க மாமா."

"ம்" என்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார். அவர்களுக்கு நடுவில் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். இதை நான் சீக்கிரமே புரிந்துகொண்டேன். அதனால்தான் பின்னால் அவ்வளவு பயந்தேன்.

எங்கள் பக்கம் காற்று அடிக்கிற பருவத்தில், விடிந்து பார்த்தால் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு உப்புப் பூச்சு இருக்கும். கொடியில் காயும் துணி, சைக்கிள், ஜன்னல் கம்பி, எதுவும் தப்பாது. கருநீலக் கார் மேல் அது இன்னும் பளிச்சென்று தெரியும். மாமனார் அளத்துக்குக் கிளம்புமுன், ஒரு பழைய வேட்டித் துணியால் அந்தப் பூச்சைத் துடைத்து எடுப்பார். காய்ந்த துணியால். தண்ணீர் ஒரு சொட்டு படவிட மாட்டார். உப்பு வாருகிறவர்களின் வழக்கம் அது. குவித்த உப்பின் மேல் ஈரம் படக்கூடாது. மண்வெட்டியில் உப்பு ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு என்பதால், அதை ஊற்றிக் கழுவினால் இரும்பு இன்னும் சீக்கிரம் போகும். "ஈரம் பட்டா உப்பு உள்ள எறங்கும்மா. காஞ்சி இருக்கச்சொல்லவே தட்டி எடுத்துடணும்" என்பார். அதில் தப்பென்று சொல்ல என்ன இருக்கிறது? நான் ஹைஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். எனக்கே அது சரியாகத்தான் பட்டது.

சரியில்லை என்று தெரிந்தது 2006 ஏப்ரலில். என் வீட்டுக்காரர் மே மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்ததால் காரை சர்வீஸுக்கு விட பாண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். (ஒரு பொம்பளை கார் ஓட்டிக்கொண்டு போவதை ஈசிஆர் ரோட்டில் அப்போதும் நின்று பார்ப்பார்கள். பொம்மையார்பாளையத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே சைக்கிளை வேலிக்குள் விட்டிருக்கிறார்.) ஒர்க்ஷாப்பில் ஒரு வயதான பெயின்டர், வேலை முடிந்த காரைச் சாயங்கால வெயிலில் நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பானெட்டைப் பார்த்தார்.

"மேடம், யாரு இத உப்புத்தாள் வச்சித் தேச்சது?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "என்ன பேசறீங்க? தெனமும் தொடைச்சி வக்கிற வண்டி இது."

"அதான் கேக்கறேன். காஞ்ச துணியிலயா?"

குனிந்து பார்த்தேன். சூரியன் பிரதிபலித்த இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரம் கீறல்கள். கூரையில், கதவில், டிக்கியில், எங்கும். கொட்டகை நிழலிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு நாளும் தெரியவில்லை. உப்போடு கலந்த பொடி மணலை ஒன்றேகால் வருஷம் தினமும் துணியால் அழுத்தித் தேய்த்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் அங்கே பார்த்த வேலை என்ன தெரியுமா? கார் ஷோரூமில் புது வண்டிகளுக்குப் பாலிஷ் போட்டு, ஒரு கீறல் இல்லாமல் வாங்குகிறவர் கையில் ஒப்படைப்பது. உலகத்தில் யார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். 'யார் துடைத்தது' என்றும் அவருக்குத் தெரியும். வாரா வாரம் சொன்னவளே நான்தானே.

"காரை விட்டுட்டுப் போங்க. ஒரு வாரத்துல கீறல எடுத்துத் தர்றேன்" என்றார் பெயின்டர். விட முடியாது. கார் ஒரு ராத்திரி கொட்டகையில் இல்லையென்றால் மாமனார் ஏன் என்று கேட்பார். என்ன சொல்வது? நீங்கள் ஆசையாகச் செய்ததுதான் அதைப் பாழாக்கிவிட்டது என்றா? இல்லாவிட்டாலும், எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையிலேயே அவர் மறுபடி துடைப்பார். நானே செய்தால் என்ன என்று கேட்டேன். பெயின்டர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "செய்யலாம். ஆனா ஒண்ணு. பெயிண்டு பானைச் சோறு கெடையாது மேடம், அள்ள அள்ள வராது. ஒவ்வொரு தடவ மிஷின் வச்சிப் பாலிஷ் போட்டாலும் மேல ஒரு பொட்டு போயிடும். பாத்துச் செய்யுங்க."

அந்த வாரமே பாண்டியில் பாலிஷ் மிஷின் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று மிஷின்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று, இரும்பு அறுக்கிற மிஷினில் கம்பளித் தொப்பி மாட்டியது. சுவிட்சைப் போட்டதும் கடை முழுக்க அலறியது. வேகத்தைக் குறைக்க வழியே இல்லை. இரண்டாவது, காரில் சிகரெட் பற்ற வைக்கிற ஓட்டையில் செருகி ஓட்டுவது. கையில் பிடித்தால் பொம்மைபோல் இருந்தது. விரலால் அழுத்தினேன், நின்றுவிட்டது. மூன்றாவது நல்ல கனம். பிடியில் ஒரு டயல், ஒன்றிலிருந்து ஆறு வரை வேகம். அதற்கு மாட்டுகிற பேட்கள் தனி. வெள்ளைக் கம்பளி, கெட்டியான மஞ்சள் ஸ்பாஞ்ச், மெத்தென்ற கறுப்பு ஸ்பாஞ்ச்.

"கீறலு ஜாஸ்தின்னா கம்பளி எடுத்துக்கங்க. ஒரே இழுப்புல போயிடும்" என்றார் கடைக்காரர்.

கீறல் போகுமா, பெயிண்ட் போகுமா என்று கேட்டேன். சிரித்தார். நான் எதையும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தபிறகுதான் காரில் வந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. அந்த அளவுக்குப் புத்தி கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. வண்டி நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "உங்க ஷோரூம்ல எந்த மாதிரி மிஷின்ல பாலிஷ் போடுவீங்க?" என்றேன்.

"ஏன்? வண்டிக்கு என்ன ஆச்சி?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நம்ம பீரோ மங்கிப் போச்சி. அதுக்குப் போடலாம்னு."

அவர் நிதானமாகச் சொன்னார். "வேகத்தைக் கொறைக்கிற மாதிரி டயல் இருக்கணும். ரெண்டுக்கு மேல போவாத. கம்பளி வாணாம், எரிச்சிடும். மொதல்ல மஞ்சள் ஸ்பாஞ்ச், அப்பறம் கறுப்பு. ஓரத்துல எல்லாம் டேப் ஒட்டிக்க, ஓரத்துலதான் பெயிண்டு மெல்லிசா இருக்கும். வெயில்ல செய்யாத. ஒரு எடத்துலயே நிறுத்தாத." கடைசியில், "பீரோவுக்குத்தானே?" என்றார்.

"பீரோவுக்குத்தான்" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறுநாள் மூன்றாவது மிஷினை வாங்கினேன். மஞ்சள் இரண்டு, கறுப்பு இரண்டு. கூடவே ஒரு கம்பளியையும் வாங்கினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற புத்தி எனக்கு எப்போதுமே பாதிதான். கோடை லீவு தொடங்கியிருந்தது. மாமனார் விடிந்ததும் அளத்துக்குப் போனால் பதினோரு மணிக்குத்தான் திரும்புவார். எனக்குக் கிடைத்தது அந்த நேரம்தான்.

பொய்யை நிஜமாக்குவதுபோல் முதலில் பீரோவில்தான் பழகினேன். என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பச்சைப் பீரோ. கம்பளியை மாட்டி, காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையைத் தடவி, கதவின் ஓரத்தில் வைத்தேன். மிஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடியது. ரப்பர் எரிகிற மாதிரி ஒரு வாசனை. எடுத்துப் பார்த்தால் பச்சை போய், உள்ளே இரும்பு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இது காராக இருந்திருந்தால்? கம்பளியை அப்படியே பரணில் தூக்கிப் போட்டேன்.

மூன்று நாள் பீரோவோடு மல்லுக்கட்டிய பிறகு காருக்கு வந்தேன். யாரும் அதிகம் பார்க்காத டிக்கியின் ஒரு மூலை. ஓரமெல்லாம் டேப், மஞ்சள் ஸ்பாஞ்ச், டயல் இரண்டில். பக்கத்து நிலத்தில் மோட்டார் ஓடினால் எங்கள் வீட்டில் கரண்டு இறங்கிவிடும், மிஷின் முனகும். மோட்டார் நின்றால் திடீரென்று வேகமெடுக்கும். ஒரு காதை மோட்டார் சத்தத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். ஒவ்வொரு முறையும் மிஷினை எடுக்கும்போது கீழே இரும்பு தெரியுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு, பிறகு ஒரு கண்ணைத் திறப்பேன். இரும்பு தெரியவில்லை. கறுப்பு ஸ்பாஞ்சால் இன்னொரு தடவை ஓட்டித் துடைத்ததும் அந்த ஒரு முழ இடத்தில் என் முகம் தெரிந்தது. தலை கலைந்து, மூக்கில் காம்பவுண்டு அப்பி, பைத்தியக்காரிபோல இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

சந்தோஷம் ஒரு நாள் நீடித்தது. அன்று பேட்களைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டேன். மறுநாள் கதவில் வைத்து ஓட்டினால், புதிதாகக் கீறல்கள். மிஷினை நிறுத்தி பேட்டைத் தடவினேன். முறுமுறுவென்று இருந்தது. விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மாமனாருக்குத் தெரியவில்லையே என்று மனசுக்குள் அலுத்துக்கொண்ட சயின்ஸ் டீச்சர், உப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து உப்புக் காற்றில் காயவைத்திருக்கிறாள். ஆவியாதல் பாடத்தை எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! என்னையே ரெண்டு போடலாம்போல இருந்தது. அன்றிலிருந்து டேங்கரில் வருகிற குடிதண்ணீரில் அலசி, வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன்.

குடத்தில் தண்ணீர் குறைந்தது மாமனார் கண்ணில் பட்டுவிட்டது. "ஏம்மா, குடிக்கிற தண்ணியில என்ன பண்ற?" என்றார்.

"காருக்குப் பாலிஷ் போடறேங்க மாமா. அவரு வர்றாரில்ல."

கொட்டகைக்குப் போய்க் காரைச் சுற்றி வந்தார். பளபளத்த கதவில் தன்னைப் பார்த்து, தலை முண்டாசைச் சரிசெய்துகொண்டார். "ஜோரா இருக்குது" என்றார். பளபளப்பைப் பார்த்த உற்சாகத்தில் மறுநாள் காலை வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தார். உள்ளே படுத்துக்கொண்டு அந்தச் சரக் சரக் சத்தத்தைக் கேட்டேன். ஒவ்வொரு இழுப்பும் என் முதுகில் விழுந்தது.

வேட்டித் துணியை ஒளித்து வைத்தேன். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினேன். தார்ப்பாயைத் தூக்கிவிட்டுத் துடைத்து, மறுபடி ஒழுங்காக மூடிவிட்டுப் போனார். கடைசியில் துணிந்து, "இனிமே நானே தொடைச்சிக்கிறேங்க மாமா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான்தான் தொடைக்கிறேன்னு அவன்கிட்ட சொல்லிக்கினு இருக்கிற இல்ல?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"அப்பறம் என்ன? அவன் வரச்சொல்ல நான் சும்மா நின்னா, அவன் என்ன நெனைப்பான்?"

அவர் விடியலில் கீறினார், நான் ஏழு மணிக்கு அழித்தேன். மே மாதம் முழுக்க இப்படியே போனது. ஒவ்வொரு தடவை மிஷினை வைக்கும்போதும் பெயின்டர் சொன்ன பானைச் சோறுதான் ஞாபகம் வரும். பானெட்டில் இன்னும் எத்தனை தடவைக்குப் பெயிண்ட் மிச்சமிருக்கும்? சாப்பிடும்போதும் இதே கணக்கு, குளிக்கும்போதும் இதே கணக்கு. கனவில்கூட நீலம் போய் இரும்பு தெரிந்தது.

என் வீட்டுக்காரர் வருகிற அன்று நானே ஓட்டிக்கொண்டு சென்னை ஏர்போர்ட்டுக்குப் போனேன். வெளியே வந்தவர் பெட்டிகளை வைத்துவிட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டுக்கு முன்னால் குனிந்தார். வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அன்று காலை மாமனார் துடைத்த கீறல் புதிதாக அப்படியே இருந்தது. அதை எடுக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அவர் ஒரு விரலால் அந்த இடத்தை மெல்லத் தடவினார்.

"போலாமா?" என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் மாமனார் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மகனைப் பார்த்துவிட்டு என்னிடம், "வந்துட்டானா?" என்றார். மகன் என்னிடம், "அவரு சாப்பிட்டாரா?" என்றார். இருவருக்கும் நான் பதில் சொன்னேன். மீன் குழம்பு வைத்திருந்தேன். இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் விடியலில் அந்தச் சத்தம் கேட்டு வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் பாய் காலியாக இருந்தது. வாசலுக்கு ஓடினேன். கொட்டகையில் மாமனார் காய்ந்த துண்டால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். படியில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தபடி நின்றிருந்தார். அங்கே ஷோரூமில் யாராவது இப்படிச் செய்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு முறை அவரே சொல்லியிருக்கிறார். முடிந்தது என்று நினைத்தேன். இப்போது வாயைத் திறப்பார், அந்தக் கிழவர் கையில் துண்டோடு கூனிக் குறுகி நிற்பார், அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் யாருக்கும் தூதுகூட விட முடியாது. குறுக்கே விழுந்து தடுக்க ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அவர் படியிறங்கினார். கொடியில் கிடந்த ஒரு துண்டை உருவினார். நனைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருந்தது. காரின் அந்தப் பக்கம் போய், பானெட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

மாமனாரின் கை நின்றது. மகனைப் பார்க்கவில்லை. துண்டை ஒரு முறை உதறிவிட்டு மறுபடி துடைத்தார். இப்போது இரண்டு துண்டுகளின் சத்தம் கேட்டது.

"கண்ணாடிக்குக் கீழ பாரு. அங்கதான் உப்பு உக்காரும்" என்றார் மாமனார்.

"எங்க?"

"தோ, அந்த சந்துல. நல்லா அழுத்தித் தொட."

"சரிப்பா."

அவர் அழுத்தித் துடைத்தார். வட்ட வட்டமாக, ஓரம் வரைக்கும். ஒரு மாதம் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீறல் எடுத்த பானெட் அது. நான் உள்ளே போனேன். மிஷினை அதன் பெட்டியில் வைத்தேன், மஞ்சளையும் கறுப்பையும் மேலே அடுக்கினேன், கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினேன். பிறகு மூவருக்கும் டீ போட்டேன்.